முப்பது அடிக்குள்

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டேஷ்போர்டுத் திரையில் நீலக் கோடு நகர்ந்தது, நொடிகள் ஏறின. ஆனால் காருக்குள் ஒரு சத்தமும் இல்லை.

கலைமதி வால்யூமைக் கடைசிவரை திருகிப் பார்த்தாள். ம்ஹூம். பின் இருக்கையில் இரண்டு வயது பிரகதி உதட்டைப் பிதுக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஆபரேசன் முடியிற வரைக்கும் குழந்தைய அழ விடாதீங்கம்மா. பொறவியிலேயே இதயத்துல கோளாறு. அழுதா நீலம் பாரிக்கும், மூச்சு நின்னாலும் நின்னுடும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நாளைக் காலை திருச்சியில் ஆபரேசன். பிரகதி அடங்குவது ஒரே ஒரு பாட்டுக்குத்தான். அவளுடைய அப்பா ஆனந்தராஜ் பாடி, கலைமதியின் போனில் பதிந்துவைத்த தாலாட்டு. அவன் இறந்து எட்டு மாதம். போனின் ஸ்பீக்கரும் போய்விட்டது. ப்ளூடூத்தில் கார் பாடினால்தான் உண்டு.

நார்த்தாமலை விலக்கைத் தாண்டி ஓரங்கட்டினாள். பட்டப்பகல் இரண்டு மணி. இருபுறமும் தைலமரக் காடு. காய்ந்த சருகுகளின் மருந்து நெடி ஏற்றிய கண்ணாடியையும் மீறிக் கசிய, மரங்களின் மெலிந்த நிழல்கள் தார்ச்சாலையில் கோடு கோடாகக் கிடந்தன. ஒரு லாரிகூட வரவில்லை.

தம்பி திருமுருகனை அழைத்தாள். காருக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடையில் வேலை அவனுக்கு. பெட் வாங்கிவைக்கக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான்.

"யக்கா, காரு பாடலன்னா நீ பாடு. ஓங் கொரலக் கேட்டா பாப்பா பயந்துபோயி வாய மூடிரும்."

"வெளையாடாதடா. அவ ஒதடு கறுக்குது."

அவன் குரல் மாறியது. "சரி, நான் பேசுறது கார்ல கேக்குதுல்ல? அப்ப ஸ்பீக்கர் நல்லாருக்கு. போன்ல மீடியா ஆடியோ ஆன்ல இருக்கா?"

"இருக்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பாத்துட்டேன்."

"அப்ப காரு வேற போனப் புடிச்சிருக்கும். பாட்ட ஒரு போன்லேருந்துதான் எடுக்கும். லிஸ்ட்டப் பாரு."

பார்த்தாள். கலை. அதற்கு மேலே, ஆனந்த். இணைக்கப்பட்டது.

"என்னக்கா, யாரு போனு காட்டுது?"

"ஒம் மச்சான் போன்டா."

"ஆசையா வச்சிருந்தத அவரோடயே அனுப்பணும்னு, குழியில எறக்குறப்ப நாந்தானக்கா சட்டப் பையில வச்சேன்."

"ஆஃப் பண்ணித்தானே வச்ச?"

"எட்டு மாசம்க்கா. எந்த பேட்டரி நிக்கும்? அதுவுமில்லாம... முப்பது அடிக்குள்ள இருந்தாத்தான் அப்படிக் காட்டும். வண்டிய எடுக்கா. மொதல்ல எடு!"

எடுத்தாள். அறுபது. எண்பது. தைலமரங்கள் பின்னால் பறந்தன. அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

அழித்தாள். மறைந்தது. மூன்று நொடி. திரும்ப வந்தது.

மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது.

திருமுருகனின் அழைப்பு அறுந்துபோனது. பிரகதி வீறிட்டாள். கலைமதி தானே பாடிப் பார்த்தாள். குழந்தை மூச்சுக்குத் திணறித் திணறி அழுதது.

"ஏங்க..." வேறு யாருமில்லாத காரில் வாய்விட்டுக் கெஞ்சினாள். "எனக்குன்னு இவ ஒருத்திதாங்க இருக்கா. நாளைக்கு ஆபரேசன். சரியாயிரும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். இவள எங்கிட்ட விட்ருங்க."

அழுகை அடங்கியது.

சட்டென்று அல்ல. தாலாட்டுக்கு அடங்குவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு விசும்பல். ஒரு பெருமூச்சு. பிறகு ஒன்றுமில்லை.

ஸ்பீக்கரிலும் ஒன்றுமில்லை.

"பாப்பா?"

பிரேக். திரும்பினாள்.

பிரகதி பக்கத்துக் காலி இருக்கையின் பக்கம் தலை சாய்த்திருந்தாள். முகத்தில் சிரிப்பு. உதடு கருநீலம். நெஞ்சின் மேல் மஞ்சள் கவுன் ஒரு கை அகலத்துக்கு அமுங்கியது. விட்டது. அமுங்கியது. விட்டது. தட்டித் தூங்கவைக்கும் நிதானத்தில். ஒவ்வொரு தட்டுக்கும் ஈரச் செம்மண் உதிர்ந்தது.

இரண்டு தட்டுக்கும் நடுவில், அந்தச் சின்ன நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.