கல்லோடு வந்தது

மோட்டார் நின்னாத்தான் அந்தச் சத்தம் கேட்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கரண்ட் போயி, ஃபேன் மெல்ல மெல்லச் சுத்தி ஓய்ஞ்சு, ஹால்ல இருந்த உப்புத்தண்ணி மீன் தொட்டியோட மோட்டாரும் அடங்கி, சாம்பார் வாசனையை அமுக்கிக்கிட்டு கடல் வாடை எழும்பினப்போ, தொட்டி நடுவுல கிடந்த பெரிய கல்லுக்குள்ளேருந்து யாரோ நகத்தால தட்டுற மாதிரி கேட்டுது. இசைவாணி சாப்பிட்ட கையோட அப்படியே நின்னா.

"கேட்டுதாங்க?"

"நண்டு"ன்னான் அவ புருஷன் செழியன், தட்டுலேருந்து தலையை நிமிர்த்தாம.

அவளுக்குப் பத்திக்கிட்டு வந்துது. எத்தனை தடவை நண்டு நண்டும்பான்? தொட்டியில பவளம் ஜோரா வளரும்னு இந்தக் கல்லைத் தலையில கட்டினவர் வளர்ப்பு மீன் கடை அஸார். கடல் கல்லோட ஓட்டையில இப்படி ஏதாவது ஒட்டிக்கிட்டு வர்றது சகஜம் மேடம்னாரு. ஓட்டைக்குள்ள தெரிஞ்சதை அவ போன்ல எடுத்து அனுப்பின முதல் படத்தைப் பார்த்துப் புழுன்னாரு. அடுத்ததைப் பார்த்து நண்டுன்னாரு. நேத்து அனுப்பினதுக்கு, "இது உங்க கோமாளி மீன்தானே மேடம்?"னு கேட்டாரு. மீன்தான். அதே ஆரஞ்சு மூஞ்சி, அதே வெள்ளைப் பட்டை. ஆனா அந்த மீன் போன வாரமே காணாமப் போயிடுச்சு. படத்துல ஓட்டைக்குள்ளேருந்து அதோட மூஞ்சி மட்டும் எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்துது, வாயை மூடாம. அதைச் சொன்னதுலேருந்து போனை எடுக்க மாட்டேங்கறாரு, பாவி மனுஷன்.

"அந்தக் கல்லைத் தூக்கி வெளியில கடாசுங்க. கையை மட்டும் உள்ளே விட்டுடாதீங்க, சொல்லிட்டேன்."

"நண்டு வளையில கை விட்டே வளர்ந்தவன் வாணி நான்."

ஆரம்பிச்சுட்டான். குடவாசல் பக்கம் வரப்பு வரப்பா நண்டு பிடிச்ச கதை. கவ்வினா இழுக்கக் கூடாதாம், அசையாம இருந்தா அதுவா விட்டுடுமாம். அட மடையா! அந்தக் கை இப்போ கண் ஆபரேஷன் பண்ற கை. நாளைக்குக் காலையில யாரோ ஒருத்தர் அந்தக் கையை நம்பிக் கண்ணைத் திறந்துக்கிட்டுப் படுக்கப் போறாரு. அதைக் கொண்டுபோயி ஒரு பொந்துல விடுவானாம்.

அவ கை கழுவிட்டு வர்றதுக்குள்ள முழங்கை வரைக்கும் தண்ணிக்குள்ள விட்டிருந்தான். கல்லோட முன் ஓட்டை மணிக்கட்டு வரை முழுங்கியிருந்துது.

"எடுங்க கையை!"

"உஷ். கவ்வியிருக்கு. அசையக் கூடாது."

தட்டுற சத்தம் இல்லை. தண்ணியில ஒரு சுழிப்பு இல்லை. அவ ஆத்திரத்தோட தொட்டிக்குப் பின்னாடி போயிக் குனிஞ்சு பார்த்தா.

கல்லோட பின்பக்க ஓட்டையிலேருந்து ஒரு விரல் வந்துது. ஒட்ட வெட்டின நகம். அப்புறம் இன்னொண்ணு.

"சீ! விளையாடுற நேரமாங்க இது? விரலை நீட்டிப் பயமுறுத்துறீங்களா?"

"எந்த விரலை? நான் கையை மூடியில்ல வச்சிருக்கேன்."

மூணாவது. நாலாவது. கட்டைவிரல். அதுல அவனோட மச்சம்.

அவ ஓடிப்போயி அவன் தோளைப் பிடிச்சு இழுத்தா. அவன் சிரிச்சான்.

"விட்டுடுச்சு. சொன்னேன்ல?"

வெளியில எடுத்தான். ஈரம் சொட்டிச்சு. ரத்தம் இல்லை. ஒரு கீறல் இல்லை. கை மணிக்கட்டோட முடிஞ்சிருந்துது. உரிச்ச முட்டை மாதிரி வழவழன்னு.

அவன் அதைப் பார்க்கலை. அவளைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தான்.

"ஏன் இப்படி முழிக்கிறே? துண்டை எடு"ன்னு அந்த மணிக்கட்டை அவ முன்னாடி நீட்டினான்.

தொட்டிக்குள்ள, கல்லுலேருந்து, அந்தக் கை உள்ளங்கையை விரிச்சு அவ பக்கம் நீண்டுது.