போறேன்னு சொல்லுங்க

பள்ளத்தைப் பார்த்து இளவரசன் ஊளையிட்டான். எதிர்மலையில் பட்டுத் திரும்பவேண்டிய குரல் திரும்பவில்லை. போன தடவை திரும்பியது. மணிமொழி அதைக் கவனித்தாள். அவள் புருஷன் இளவரசனுக்கு இதெல்லாம் உறைக்குமா? ஐயா துரை மாதிரி பாறை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"கேமராவுல பள்ளம் ஆழமா தெரியுதா?"

"தெரியுது. எழுந்து வாங்க."

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் தாண்டி இந்த மொட்டைப் பாறைக்குப் பெண்டாட்டியை இழுத்து வந்தது இதற்குத்தான். படத்தைப் போட்டால் முன்பின் தெரியாதவர்கள் போனில் ஹார்ட் போடுவார்கள். வீட்டில் பரணில் இருக்கிற அண்டாவை எடுக்கச் சொன்னால் தலை சுற்றுகிறது என்பான். இங்கே மட்டும் வீரம் பொத்துக்கொண்டு வரும். தூ. பால் மறக்காத குழந்தையை நைனார்பாளையத்தில் அம்மாவிடம் விட்டு வந்திருக்கிறாள். இந்தக் கோமாளியோடு முழுசாகப் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

ஏறும்போது, பாதையோரம் பலாச்சுளை விற்ற காசியம்மாள் ஒன்று சொன்னாள். "கெளம்பறப்ப பாறையில நின்னுக்கினு வரேன்னு சொல்லாதீங்க. போறேன்னு சொல்லுங்க."

"போறேன்னு யாராச்சும் சொல்வாங்களா? அபசகுனம்," என்றாள் மணிமொழி.

"வூட்டுல அப்படித்தாம்மா. இங்க வரேன்னு சொன்னா, வருவீங்கன்னு காத்துக்கினு இருக்கும்."

எது என்று அவள் கேட்கவில்லை. இளவரசன் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

இப்போது எழுந்து, போனை நீட்டித் தன்னையே வீடியோ எடுத்தபடி, பள்ளத்துக்கு ஒரு கும்பிடு போட்டான். "போயிட்டு வரேன், கண்ணு."

"வாயை வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டீங்களா?"

"உனக்கு பயம் ஜாஸ்தி. கேமராவை ஸ்டாண்டோட எடுத்துக்கினு வா." கையை வீசிக்கொண்டு காருக்கு இறங்கிப் போய்விட்டான். மூட்டை தூக்கத்தான் அவள் இருக்கிறாளே.

பொழுது சாய, பள்ளத்திலிருந்து பனி மெல்ல ஏறிவந்தது, ஈரப் பாசியின் வாசனையும் அதற்கடியில் நாள்பட்ட பூமாலையின் புளித்த வாடையுமாக. புல்லுக்குள் கத்திக்கொண்டிருந்த பூச்சிகள் ஒவ்வொரு பக்கமாக அடங்கி, கடைசியில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. கேமராவை அணைக்கக் குனிந்தாள். திரையில் இளவரசன் உட்கார்ந்திருந்தான். முதுகைக் காட்டி, காலைத் தொங்கப்போட்டு. எடுத்த படம் என்று நினைத்தாள்.

திரையில் அவன் சட்டை காற்றில் படபடத்தது.

நிமிர்ந்தாள். பாறையில் யாருமில்லை. குனிந்தாள். திரையில் இருந்தான்.

பின்னால், கீழே, கார் ஹாரன். "மணி, வரியா இல்லியா?"

அவன் குரல்தான். அவன் காரில் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான். அவளுக்கு அழுகை வந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கூப்பிட்டால் யாரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்.

"தோ, வரேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

எதிர்மலை இப்போது பதில் சொன்னது. அவள் குரலில். வரேன். வரேன்.

திரையில் அந்த முதுகு அசைந்தது. திரும்பவில்லை. சற்று நகர்ந்து உட்கார்ந்தது. பக்கத்துப் பாறையைக் கையால் துடைத்துவிட்டது.

மணிமொழி மெல்லத் தலையைத் தூக்கினாள். யாருமில்லை. பனியில் நனைந்து கறுத்திருந்த விளிம்பில், ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும் பாறை காய்ந்திருந்தது.