ஒரு துளை உயரம்

காலையில் கட்டிலைவிட்டு எழுந்து கைத்தடியை ஊன்றியபோது அவருடைய வலது தோள் லேசாகத் தூக்கிக்கொண்டது. தடி உயர்ந்திருந்தது. அலுமினியக் குழாயில் வரிசையாகத் துளைகளும், ஒரு துளையிலிருந்து எட்டிப் பார்க்கும் பித்தளைப் பொத்தானும் உள்ள தடி அது. பொத்தானை அமுக்கி இழுத்தால் உயரும், அமுக்கித் தள்ளினால் குறையும், தானாக நகராது. நேற்று படுக்கப் போகும்போது அவர் உயரத்துக்குச் சரியாக இருந்தது. இன்று ஒரு துளை கூடியிருந்தது. வீடு கூட்டும்போது மனைவி எதையாவது இழுத்துவைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, கட்டைவிரலால் பொத்தானை அமுக்கிப் பழையபடி இறக்கினார். அந்தச் சின்ன வேலைக்கே இடுப்பிலிருந்து குதிகால் வரை ஒரு நரம்பு சுண்டி இழுத்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மெக்கானிக்காக இருந்தவர் என்று சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தில் இன்னும் லிஃப்ட்காரர் என்றுதான் பேர். பாதி ஆயுளை லிஃப்ட் குழிகளுக்குள் குனிந்தே கழித்ததில் முதுகுத் தட்டு ஒன்று பிதுங்கி, நரம்பின்மேல் சட்டமாக உட்கார்ந்துவிட்டது. ஊரையே மாடிக்குத் தூக்கிவிட்டவனை நாற்காலியிலிருந்து தூக்கிவிட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது என்று முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் முதுகு வலிக்கிறது என்று ஆனபின் அதையும் விட்டுவிட்டார்.

வீடு முழுக்க வலியின் தட்டுமுட்டுச் சாமான்கள். கீழே விழுந்ததைக் குனியாமல் எடுக்கும் நீளக் கவ்விக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தார். இறுக்கிப் பிடித்தால் விடாத இடுப்புப் பட்டைக்கு மாமியார். இவை போக வெந்நீர்ப் பை ஒன்று, குளியலறையில் ரப்பர் பாதமும் தடியைப் போலவே துளைகளும் வைத்த, நாலு கால் இருந்தும் முக்காலி என்றே பேர்போன ஒன்று. எல்லாம் பழைய மருத்துவச் சாமான் கடையில் ஒரே வீட்டிலிருந்து வந்தவையாக மனைவி மொத்தமாக வாங்கி வந்தது. முன்னால் வைத்திருந்தவர் நல்ல உயரம் என்று சொல்லி, கடைக்காரரே தடியையும் முக்காலியையும் குறைத்துக் கொடுத்திருந்தார்.

மனைவி ஒரு சலவை நிலையத்தில் துணி தேய்க்கிறாள். பொழுது சாயும்போது கஞ்சி வாசனையும் நீராவிச் சூடுமாக வந்து செருப்பைக் கழற்றுவாள். அவர் நாற்காலியில் காத்திருப்பார். கொஞ்சம் கை குடு என்பார். மூன்றே சொல் என்றாலும் ஒவ்வொரு நாளும் தொண்டையில் சிக்கித்தான் வெளியே வரும். கேட்காமல் எழுந்துவிடலாமா என்று இரண்டு முறை முயன்று, முடியாமல் போய், அதற்கப்புறம்தான் கேட்பார். அவள் முகம் சுளிக்காமல் கையை நீட்டுவாள். இஸ்திரிப் பெட்டி பிடித்துப் பிடித்து அவள் மணிக்கட்டும் வீங்கியிருந்தது. சாம்பல் நிறப் பட்டை ஒன்றைச் சுற்றியிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இவளுக்கு இதற்குமேல் ஒரு சுமை ஏற்றக்கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த வைராக்கியம்.

அதனால்தான் மாமியார் விஷயத்தை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. பட்டையை அவிழ்த்து, அவர் இடுப்பளவுக்கு மடித்தே வைப்பது வழக்கம். மறுநாள் பார்த்தால் இன்னும் பருத்த ஓர் இடுப்புக்கு ஏற்றபடி அகலமாக ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் ஒரு மத்தியானம், அடுப்புப் பக்கமே போகாத நாளில், நாற்காலி முதுகில் கிடந்த வெந்நீர்ப் பை கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருந்தது. அதன் ரப்பர் வாசனைக்கு அடியில் ஒரு தைல வாசனை. அவர் தைலம் தடவுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. குளிக்க உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுசாகப் பதியவில்லை. முக்காலியின் நாலு காலும் ஒரு துளை உயர்ந்திருந்தன.

பேச்சுவாக்கில் கேட்பதுபோல் ஒருநாள் கேட்டுப் பார்த்தார். தட்டைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி தண்ணீரை நிறுத்தினாள்.

"உங்க சாமானை நான் எதுக்குங்க தொடப்போறேன்? எனக்கு உக்கார நேரமிருக்கா?" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "ஞாபகம் தடுமாறுதாங்க? சொல்லிடுங்க. வேலையை விட்டுட்டு கூடவே இருந்துடறேன்."

அவள் வேலையை விட்டால் ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மாத்திரை வேகம் என்று சொல்லிச் சமாளித்தார். அன்றிலிருந்து தடியைத் தானே இறக்கினார், பட்டையைத் தானே இறுக்கினார், முக்காலியைக் கொக்கால் இழுத்து ஒவ்வொரு காலாகக் குறைத்தார். மறுநாள் எல்லாம் உயர்ந்திருந்தன. மறுபடி குறைத்தார். பயம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் பயப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே. அதோடு இன்னொன்றும் அவருக்குள் ஊறியிருந்தது. பை சூடாகும் நேரமும் அவர் வலி ஏறும் நேரமும் ஒன்றாக இருந்தன. யாரோ ஒருவனுக்கும் மத்தியானம்தான் தாங்க முடியாமல் போகிறது என்று நினைத்தபோது, வெட்கக்கேடாக, அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம் வெளியே தெரு வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது. அவர் நாற்காலியிலிருந்து ஒருவழியாக எழுந்து சுவரைப் பிடித்து நின்றிருந்தார். மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், குழாய்க்குள் தண்ணீர் ஓடி அடங்கியது, அப்புறம் வீட்டின் எல்லாச் சத்தமும் ஓய்ந்தபின், பாதி சாத்தியிருந்த குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து முக்காலியின் ரப்பர் பாதங்கள் ஈரத் தரையில் மெல்ல முனகின. காலியான முக்காலி முனகாது. லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்றே, கம்பி இறுகும் சத்தத்தை வைத்தே பெட்டிக்குள் எத்தனை பேர் என்று சொல்லிவிடும் காது அவருடையது. இது ஒரே ஆள். கனத்த ஆள். முன்னால் சாய்கிறான்.

தைல வாசனை வந்தது.

எழுந்திருக்கப் போகிறவன் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது. அவருக்குத் தெரியாத மூச்சா அது? பிடித்தது, நடுங்கியது, விட்டுப்போனது. முக்காலி மறுபடி முனகியது. திரும்பவும் அதே இழுப்பு. திரும்பவும் முடியவில்லை. இரண்டு முறை.

அடுத்தது என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"கொஞ்சம் கை குடு."

களைத்த குரல். மிரட்டல் எதுவும் இல்லை. தொண்டையில் சிக்கி, வெட்கப்பட்டு, வேறு வழியில்லாமல் வெளியே வந்த குரல். வாசல் கதவு எதிரில்தான் இருந்தது. அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். வேறு எவனாக இருந்தாலும் போயிருப்பான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு யாராவது சும்மா போவதைப்போல் ஒரு கொடுமை உலகத்தில் உண்டா? அவர் தடியைச் சுவரில் சாய்த்தார். குளியலறைக்குப் போய், கதவிடுக்கில் கையை நீட்டினார்.

பெரிய கை. ஈரமாக, சில்லென்று. பிடித்தது.

இழுப்பை எதிர்பார்த்துக் காலை அகட்டி நின்றார். இழுப்பு வரவில்லை. கனம்தான் வந்தது, அவருக்குள்ளேயே இறங்குவதுபோல் வந்தது. லிஃப்ட் பெட்டி மேலே ஏறினால் மறுமுனையில் எதிர் எடை கீழே இறங்கும். ஒன்று ஏறாமல் ஒன்று இறங்காது. வேலையில் சேர்ந்த அன்று படித்த பாடம். அது ஏறிக்கொண்டிருந்தது. அவர் இறங்கிக்கொண்டிருந்தார்.

இருட்டு. அடியில் முக்காலி.

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. முதுகில் அவருடைய வலி இருந்தது. அதற்குமேல் இன்னொன்றும் இருந்தது. பழைய வலி. வேறு யாருடையதோ.

வெளியே தடி எடுக்கப்பட்டது. பொத்தான் சொடுக்கியது. ஒரு துளை. அப்புறம் டொக், டொக் என்று நாற்காலி வரை போனது.

அப்படியே இருந்தார். கதவிடுக்கில் வெளிச்சம் மஞ்சளாகி, மங்கியது. வாசலில் செருப்புச் சத்தம். கஞ்சி வாசனை.

"கொஞ்சம் கை குடு" என்றது கூடத்தில் அவர் குரல்.

"என்னங்க, இன்னிக்கு இவ்வளவு கனமா இருக்கீங்க?" என்றாள் மனைவி. நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டது. பிறகு அவள் ஓரடி பின்னால் நகர்வது கேட்டது. தலையை நிமிர்த்திப் பார்க்கிறாள் போலும். இவ்வளவு நிமிர்த்தி அவள் அவரைப் பார்த்ததே இல்லை.

இருட்டுக்குள் அவர் கத்தினார். காற்றுதான் வந்தது. தைல வாசனைக் காற்று.

தாங்க முடியவில்லை. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். விட்டுப்போனது. மறுபடி பிடித்தார். முக்காலி முனகியது.

அவள் காலடி நின்றது. குளியலறைப் பக்கம் திரும்பியது.

வராதே என்றுதான் சொல்ல நினைத்தார். மனசு முழுக்க அதுதான் இருந்தது. வராதே. விளக்கைப் போடு. ஓடு. ஆனால் இரண்டு முறை முயன்றாகிவிட்டது. அதற்கப்புறம் வாய்க்குப் பழகிப்போன சொல் ஒன்றே ஒன்றுதான்.

"கொஞ்சம்…"

பல்லைக் கடித்தார்.

"கை குடு."

கதவு இடுக்கில் வெளிச்சம் மறைந்தது. யோசிக்காமல், என்றும்போல் முகம் சுளிக்காமல், சாம்பல் பட்டை சுற்றிய அந்த வீங்கிய கை இருட்டுக்குள் நீண்டது. விரல்களை விரித்துத் தேடியது.

அவர் கை மடியிலிருந்து எழுந்தது.