நூறு என்றால் தில்லைநாயகி

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தில்லைநாயகி மதிமானியைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பத்தே முக்காலுக்குள் மாநிலத்தில் எல்லோருக்கும் அவரவர் அறிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

மதிமானிக்கு அறிவு என்றால் என்னவென்று தெரியாது. அது ஒப்பிட மட்டுமே தெரிந்த கருவி. சொல், கணக்கு, வடிவம், தாளம், கைவேலை, பிறர் மனம், தன் மனம் என்று ஏழு வகை அறிவையும் கேள்வி கேட்டுச் சோதிக்கும். ஆனால் விடைகளுக்கு என்ன எண் கொடுப்பது? அளவுகோலில் முதல் கோட்டை எங்காவது கிழித்துத்தானே ஆகவேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மதியளவையகம் நாலு லட்சம் பேரைச் சோதித்து, ஏழிலும் நட்டநடுவில் நின்ற ஒருத்தியைப் பிடித்தது. அன்றிலிருந்து தில்லைநாயகி எப்படிச் செய்கிறாளோ அதுதான் நூறு. அவளை முந்தினால் நூற்றுப் பத்து, பின்தங்கினால் தொண்ணூறு. ஊரார் அவளை அலகம்மா என்றார்கள்.

"நீங்க கொஞ்சம் மந்தமானா நாங்கல்லாம் மேதை ஆயிடுவோம் அலகம்மா," என்பார் காய்கறிக்காரர்.

சித்திரையில் அவள் கணவர் மணவாளன் குளியலறையில் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அவள் அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வந்த திங்களன்று, வழக்கம்போல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தாளச் சோதனையில் நாலாவது தட்டு எங்கே விழ வேண்டும் என்று தெரியவில்லை. திரையில் ஒரு முகம் வந்தது. அது அழுகிறதா சிரிக்கிறதா என்று நேரம் முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மதிமானி, இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டது. அவள் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.

அந்த வாரம் மாநில சராசரி நாலு புள்ளி கூடியது. ஆடி மாதத்துக்குள் நூற்றுப் பதினெட்டு. பள்ளிகள் வாசலில் பேனர் கட்டின. காய்கறிக்காரர் மகனுக்கு வடிவ அறிவு ஏறியதால் பாலம் கட்டும் படிப்பில் இடம் கிடைத்தது.

சட்டம் நல்ல சட்டம்தான். யாருக்காவது ஐந்து புள்ளி குறைந்தால், மூன்று மாதம் மனமீட்பு விடுப்பு. வைத்தியமும் அரசாங்கச் செலவு. தில்லைநாயகி அதற்காக டாக்டர் பர்வீனிடம் போனாள். அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்தும் கை நீளாமல் நின்றதை, வீட்டுக்குப் போகும் பஸ்ஸின் எண் மறந்து மூன்று மணி நேரம் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்ததை எல்லாம் சொன்னாள். டாக்டர் திரையைப் பார்த்தார்.

"உங்களுக்குக் குறையவே இல்லையேம்மா. சரியா நூறு."

"எனக்கு எப்பவுமே நூறுதான் டாக்டர்."

"அதான் சொல்றேன். ரொம்ப சீரா இருக்கீங்க."

அளவையக மேலாளர் அருளானந்தத்துக்கு விஷயம் புரிந்தது. பழைய விடைகளோடு ஒப்பிடலாமே என்று அவள் கேட்டாள். கேள்விகள் வெளியே கசியாமலிருக்க வாராவாரம் விடைகளை எல்லாம் அழித்துவிடுகிறோம், எண்கள் மட்டும்தான் மிஞ்சும் என்றார். ஒரே ஒரு வழி இருந்தது. அவள் விலகி வேறொருவர் அலகானால், அவளையும் மற்றவர்களைப் போல் அளக்கலாம், சரிவு எண்ணாகத் தெரியும், விடுப்பு கிடைக்கும். எழுதிக் கொடுத்தாள். சித்திரைக்குப் பிறகு அன்றுதான் ஒரு தட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டாள்.

புது அலகு ஏழிலும் பழைய அலகோடு பொருந்த வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் ஒரே நாளில் எல்லோருடைய எண்ணும் தாறுமாறாகிவிடும். ஏழு கோடிப் பேரின் பதிவுகளைச் சலித்தார்கள். மூன்றில், நாலில் பொருந்தியவர்கள் ஏராளம். ஏழிலும் பொருந்தியவர் ஒருவர்தான்.

அறந்தாங்கியிலிருந்து வந்திருந்த லாரி மெக்கானிக் அய்யாக்கண்ணு, அளவையகத் தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த டீயில் ஆடை படர்ந்திருந்தது. தில்லைநாயகி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரு?" என்று கேட்டாள்.

"மக," என்றார். "ஆனியில போயிட்டா." டீயைக் கீழே வைத்துவிட்டு, "பதினெட்டு கொறஞ்சிருச்சுன்னு லீவு குடுத்தாங்க. இப்ப ரத்து பண்ணிட்டாங்க. அலகுக்குக் கொறைய முடியாதாம்."

வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்றாள். சட்டத்தில் இடமில்லையாம். சோதனை கஷ்டமா என்று அவர் கேட்டார்.

"இல்லைங்க. வந்ததைச் செய்யுங்க. நீங்க செய்யறதுதான் சரி."

பத்தே முக்காலுக்கு அவர் வெளியே வந்தார். பதினொரு மணிக்கு, பதினைந்து ஆண்டுகளில் முதல் முறையாக, தில்லைநாயகியை அளந்தார்கள்.

தாளை அருளானந்தமே கொண்டுவந்து கொடுத்தார். ஏழு வரியிலும் நூறு. முன்பு நூறு, இப்போது நூறு. குறைவு இல்லை. விடுப்புக்குத் தகுதி இல்லை. மாநில சராசரி அரைப் புள்ளிகூட அசையவில்லை, இவ்வளவு சுத்தமாக அலகு மாறும் என்று தலைமையகமே எதிர்பார்க்கவில்லை என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவள் தாளை நாலாக மடித்தாள்.

"அடுத்த திங்கள் நான் வரணுமா சார்?"

"வேண்டாம்மா. இனிமே நீங்களும் எல்லாரையும் மாதிரிதான்."