அரை கரண்டி உப்பு

மழையில் ரிவர்ஸில் வந்த தண்ணீர் லாரி முகாம் வாசலை அடைத்து நின்றது. டிரைவர் ஹார்ன் அடித்தான். உள்ளேயிருந்து ஒருத்தி ஓடிவந்து கதவில் ஓங்கித் தட்டினாள்.

"உள்ள படுத்திருக்கவங்க ஹார்ன் சத்தம் கேட்டா எழுந்து வரப்போறாங்களா? வண்டிய எடுங்க. ஸ்ட்ரெச்சர் வரணும்."

முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. தூக்கம் கெட்ட கண்கள்... இமையில் ஒரு மழைத்துளி. பதிலுக்குத் திட்ட வாயைத் திறந்தவனுக்கு ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோயிற்று.

பள்ளிக்கூடத்தைக் காலரா முகாமாக்கியிருந்தார்கள். பெஞ்சுகளை வெளியே அடுக்கிவிட்டு, நடுவில் ஓட்டை போட்ட கட்டில்கள், அடியில் வாளிகள். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட பெருக்கல் கணக்கு. அவள் அங்கே நர்ஸ். அவன் காலையும் மாலையும் குளோரின் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் இறக்குபவன். இறக்க ஆகும் நேரம் அவனுக்குப் போதவில்லை.

"தண்ணி ஏன் நூலாட்டம் வருது?"

"பிரஷர் கம்மி, சிஸ்டர்."

"ஹோஸ மிதிச்சுட்டு நிக்கிற கால எடுங்க. பிரஷர் தன்னால வரும்."

எல்லோரையும் போல அவனும் அவளைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவளுக்கு அது புரிந்துவிட்டது போல... கண் சிரித்தது.

ஒருநாள், வீட்டில் லாரித் தண்ணீர்தானே குடிக்கிறீர்கள் என்று கேட்டாள். கிணறுகளில் சாக்கடை இறங்கியிருக்கிறது, நோய் அதில்தான் வருகிறது என்றாள். அவன் வேகமாகத் தலையாட்டினான். வீட்டில் அப்பா அந்தத் தண்ணீரைத் தொடுவதேயில்லை. மருந்து வாடையாம். அவருக்குக் கொல்லைக் கிணறுதான்.

அப்பாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. அது என்னவென்று அவனுக்குத் தெரியும். முகாமுக்குக் கூப்பிட்டான்.

"அங்க போனவன் எவன்டா நடந்து திரும்பி வந்தான்?" அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் எந்த முகத்தோடு அவளிடம் நிற்பது... ஊருக்கே தண்ணீர் கொண்டுபோகிறவன் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் என்றால்?

மாலை லோடு இறக்கும்போது, நண்பனின் அப்பாவுக்கு என்று சொல்லி அவளிடம் மருந்து கேட்டான். கரைத்துக் குடிக்கும் பவுடர் முகாமில் தீர்ந்திருந்தது. இரண்டு கட்டில்களுக்கு நடுவே சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டே அவள் சொன்னாள்.

"ஒரு லிட்டர் கொதிக்கவெச்சு ஆறின தண்ணி. ஆறு கரண்டி சர்க்கரை, அரை கரண்டி உப்பு. வாந்தி எடுத்தாலும் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துட்டே இருக்கணும். முடியலன்னா உடனே இங்க கொண்டுவரச் சொல்லுங்க."

வீட்டில் அக்கா ஆணியில் தொங்கிய பரிமாறும் கரண்டியை எடுத்து அளந்தாள். என்னடா இது, பாகாட்டம் இருக்கே என்றாள். சிஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றான் அவன். அப்பா குடித்தார். வாந்தி எடுத்தார். தாகம் தாகம் என்று முனகினார். விடாமல் கொடுக்கச் சொல்லியிருந்ததால் விடாமல் கொடுத்தார்கள்.

விடிந்ததும் அப்பாவை லாரியின் முன்சீட்டில் சாய்த்து எடுத்துவந்தான். கண்கள் குழிக்குள் போயிருந்தன. கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. யார் என்று அவள் கேட்டாள். அப்பா என்றான். அவள் இரண்டு கையிலும் நரம்பு தேடி ஊசி ஏற்றினாள். சலைன் ஓடியது. அப்பா மதியத்துக்கு முன்பே அடங்கிவிட்டார்.

மிச்சக் கரைசல் இருந்த பாட்டிலை அவன் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். தண்ணீர் போல ஓடவில்லை. கண்ணாடியில் ஒட்டி மெதுவாக நகர்ந்தது.

"எதால அளந்தீங்க?"

"கரண்டியால." நீளத்தைக் கையால் காட்டினான்.

முகாமில் உப்பு டப்பாவுக்குள் கிடக்கும் டீ ஸ்பூனுக்குக் கரண்டி என்றுதான் பெயர். அங்கே வேறு கரண்டி கிடையாது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஸ்பூன்னு சொல்லியிருக்கணும்... இவ்வளவு உப்பும் சர்க்கரையும் உடம்புல மிச்சமிருந்த தண்ணியையும் இழுத்திருக்கும். அவர இந்த நிலைக்குத் தள்ளினது நான்தான்."

"என் அப்பான்னு சொல்லியிருந்தா அப்பவே ஆள் அனுப்பித் தூக்கிட்டு வந்திருப்பீங்க." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "சொல்லல. உங்க கண்ணுக்கு மட்டமாத் தெரிஞ்சுடுவேனோன்னு... அவ்வளவு பிடிச்சுப்போச்சு உங்கள."

தாழ்வாரத்துத் தகரத்தில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கும்தான்" என்றாள் அவள், பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

எத்தனை லோடு தண்ணீர் இறக்கியபோது இந்த வார்த்தைக்காக ஏங்கியிருப்பான். உள்ளே அப்பாவைத் துணியால் மூடிக் கட்டி, பிளீச்சிங் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்த வார்த்தையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.