பென்சில் கோட்டில் வந்த வெளிச்சம்

இவாஸே டீச்சர் அறிவியல் அறையின் கறுப்புத் திரைகளை இழுத்து மூடினார். நாலாம் வகுப்பு உடனே கூச்சல் போட்டது. இருட்டானால் கூச்சல் போட வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது, நாலாம் வகுப்பு ஒருநாளும் அதை மீறியதில்லை.

"சத்தம் போட்டா திரையத் திறந்துடுவேன்" என்றார் டீச்சர்.

கப்சிப்.

மேசைமேல் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. அதில் தடித்த பென்சிலால் சின்னதாக ஒரு கோடு. கோட்டின் ஒரு முனையில் ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கின் கால் ஒட்டப்பட்டிருந்தது. விளக்கின் இன்னொரு கால் ஒரு சதுர பேட்டரிக்குப் போயிற்று. பேட்டரியிலிருந்து வந்த மற்றொரு கம்பியை டீச்சர் கோட்டின் மறுமுனையில் வைத்து அழுத்தினார்.

விளக்கு எரிந்தது.

சயோவுக்கு முதுகு சிலிர்த்தது. அதே பென்சில் அவளிடமும் இருக்கிறது. கையெழுத்துப் பயிற்சிக்கு தினமும் அதைத்தான் எடுக்கிறாள். யோசனை வராதபோது அதன் பின்பக்கத்தைக் கடித்தும் வைத்திருக்கிறாள். அது போடும் கோட்டுக்குள் மின்சாரம் நடந்து போகும் என்று இத்தனை நாள் யாருமே சொல்லவில்லையே!

"கோட்டுக்குள்ளயா டீச்சர் கரண்ட் போகுது?"

"ஆமா. பென்சில் கரி கரண்டை விடும். ஆனா சுலபமா விடாது, தடுத்துத் தடுத்துத்தான் விடும். அந்தத் தடுப்புக்குப் பேரு மின்தடை."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இபுகி, சயோவின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எது ரொம்பப் பிடித்தாலும் அப்படித்தான் செய்வாள்.

"சயோ, நான் போற ஸ்கூல்ல இந்தப் பாடத்த முடிச்சிருப்பாங்க. இத நான் மறுபடி பாக்கவே முடியாதில்ல?"

இபுகியின் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை. நாளைதான் இபுகிக்கு இந்தப் பள்ளியில் கடைசி நாள்.

மணி அடித்தது. சாமான் கட்டுகிறவர்கள் வருகிறார்கள் என்று இபுகி அன்றைக்குப் பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் சயோ மேசைமேல் ஏறாத குறையாகக் கத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க! அட்டையில விளக்கு வைக்கலாம்!"

வகுப்பை விட்டு ஒருவர் போகும்போது சதுரமான ஒரு கெட்டி அட்டை கொடுப்பார்கள். எல்லோரும் நடுவைப் பார்த்தபடி சுற்றிலும் எழுதுவார்கள். படிக்கிறவர் அட்டையைச் சுழற்றிக்கொண்டே படிக்க வேண்டும். பாதிப் பேர் "உடம்பைப் பார்த்துக்கொள்" என்றுதான் எழுதுவார்கள். படித்து முடிக்கும்போது பெரிய வியாதிக்காரர் ஆகிவிட்டதுபோல் இருக்கும்.

"அட்டைக்கு நடுவுல விளக்கு" என்றாள் சயோ. "விளக்கிலேருந்து ஓரம்வரைக்கும் பென்சில் கோடு. அத நாம எல்லாரும் சேர்ந்து போடணும். கரண்ட் நம்ம எல்லாரையும் தாண்டித்தான் விளக்குக்குப் போகணும்!"

"ரிலே மாதிரி!" என்றாள் வகுப்புத் தலைவி சிகா. "ஒருத்தர் விட்ட இடத்துலேருந்து அடுத்தவங்க. பேர் வரிசைப்படி!"

இந்தப் பள்ளியில் எல்லாமே பேர் வரிசைதான். அய்கவா சயோ எப்போதும் முதல். வகுயி ரியோஹெய் எப்போதும் கடைசி.

"கடைசியா நிக்கிறதுல ஊசி போடறப்ப மட்டும்தான் லாபம்" என்றான் ரியோஹெய். "மத்த எல்லாத்துலயும் நஷ்டம். சாப்பாட்டுல கறித்துண்டு காலியாகி உருளைக்கிழங்குதான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவன் பென்சிலை அதற்குள் சீவி வைத்துக்கொண்டதைச் சயோ பார்த்தாள்.

அவளுக்குக் காரணம் தெரியும். விளையாட்டு விழா ரிலேயில் இபுகி ஓடிவந்து ரியோஹெய் கையில் கோலைக் கொடுத்தாள். கோல் கீழே விழுந்தது. வகுப்பு தோற்றது. யாரும் யாரையும் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்ப்பதில்லை.

மதிய உணவு முடிந்ததும் ஒரு பெரிய தாளில் சோதனை ஆரம்பமானது. நடுவில் விளக்கு. சயோ முதல் துண்டுக் கோட்டைப் போட்டாள். அடுத்தவள் அதிலிருந்து தொடர்ந்தாள். கோடு சுற்றிச் சுற்றி வெளியே வந்தது. ஓரத்தில் ரியோஹெய் நாக்கைக் கடித்துக்கொண்டு கடைசித் துண்டைப் போட்டான். சிகா வகுப்பறைத் திரையை மூடினாள். சயோ கம்பியை ரியோஹெய் கோட்டின் முனையில் வைத்தாள்.

ஒன்றும் எரியவில்லை.

"சரியா அழுத்து!"

அழுத்தினாள். விரல் வலித்ததுதான் மிச்சம்.

சயோ கம்பியைக் கோட்டின் மேலேயே மெல்ல உள்ளே நகர்த்தினாள். இருட்டு. இன்னும் உள்ளே. இருட்டு. விளக்குக்கு மிகக் கிட்டே, நாலாவது ஆள் போட்ட துண்டுக்கு வந்தபோதுதான் லேசாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. அவள் சொந்தக் கோட்டுக்கு வந்ததும் நன்றாகவே எரிந்தது.

"கோடு நீளமாக ஆகத் தடையும் ஏறிக்கிட்டே போகுது" என்றாள் சயோ. "ஒவ்வொருத்தர்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சமா மாட்டிக்கிட்டு, கரண்டு வந்து சேரவே மாட்டேங்குது."

சிகா சட்டென்று முடிவு செய்கிறவள். "அப்ப முதல் நாலு பேர் கோடு போடட்டும். மத்தவங்க சும்மா எழுதுங்க. நாளைக்கு இபுகிக்குப் பிரிவு விருந்து, வேற வழியில்ல. உனக்கென்ன சயோ, நீதான் முதல் ஆளாச்சே."

"நான் உடம்பப் பாத்துக்கோன்னு எழுதிடறேன்" என்றான் ரியோஹெய். அவனே முதலில் சிரித்தான். பிறகு பென்சிலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, சாப்பாட்டோடு வந்த காலிப் பால் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

சயோ தன் துண்டுக் கோட்டைப் பார்த்தாள். அவள் கோட்டில் விளக்கு எரியும். அதனால் என்ன? கடைசி ஆளை விட்டுவிட்டு எரிகிற விளக்கை எப்படிக் கொடுப்பது? ஆனால் எரியாத விளக்கை மட்டும் எப்படிக் கொடுப்பது?

"சாயங்காலம்வரைக்கும் நேரம் குடு சிகா" என்றாள்.

அடுத்தது துப்புரவு நேரம். நாலாம் வகுப்புக்கு நீளமான நடைவழி. தலையில் துணி கட்டிக்கொண்டு, ஈரத் துணியை இரண்டு கையாலும் தரையில் அழுத்தி, குனிந்தபடி அப்படியே தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். அன்று ஆறாம் வகுப்பின் விடைபெறும் விழாவுக்காக நாற்காலிகளை நடைவழியின் பாதிவரை அடுக்கி வைத்திருந்தார்கள். அதனால் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடிந்தது. முன்னால் போனவன் மூச்சு வாங்க நின்றான். பின்னால் வந்தவள் அவன்மேல் முட்டினாள். அவளுக்குப் பின்னால் வந்தவன் அவள்மேல் முட்டினான்.

"ஏய், நகருங்கப்பா! இங்க ஒருத்தன் தரையோட உறைஞ்சு போயிட்டான்!" என்று கடைசியிலிருந்து ரியோஹெய் கத்தினான்.

அதற்குள் ஆறாம் வகுப்புக்காரர்கள் வந்து நாற்காலிகளைத் தூக்கிப் போனார்கள். நடைவழி அகலமானது. எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாகக் குனிந்தார்கள். "ஒண்ணு, ரெண்டு, ஓடு!" தடதடவென்று ஒரே ஓட்டம். முழு நடைவழியும் ஒரே மூச்சில் பளபளத்தது.

பாதி வழியில் சயோ மட்டும் நின்றுவிட்டாள்.

"என்ன ஆச்சு? வழுக்கிடுச்சா?" என்றாள் சிகா.

"ஒருத்தர் பின்னால ஒருத்தர் இல்ல!" என்று சயோ ஈரத் துணியோடு கையை ஆட்டினாள். துணியிலிருந்த தண்ணீர் சிகாவின் மூக்கில் தெறித்தது. "பக்கத்துல பக்கத்துல! அட்டையில எப்பவும் எப்படி எழுதுவோம்? சுத்தி நின்னு, எல்லாரும் நடுவப் பாத்து! கோடும் அப்படித்தான் போடணும். ஒவ்வொருத்தருக்கும் ஓரத்துலேருந்து நடுவுக்கு ஒரு தனிக் கோடு. கரண்டுக்கு ஒரு வழி இல்ல, நிறைய வழி!"

சிகா மூக்கைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "எரியுமா?"

"தெரியல. பாக்கலாம் வா."

பள்ளி விட்டதும் எல்லோரும் அறிவியல் அறையில் கூடினார்கள். இவாஸே டீச்சர் ஒரு மூலையில் விடைத்தாள் திருத்துவதுபோல் உட்கார்ந்திருந்தார். ஆனால் வெகுநேரமாக அதே தாள்தான் அவர் கையில் இருந்தது.

அட்டையின் ஓரம் முழுக்க அலுமினியத் தாளை ஒட்டி, பேட்டரியின் ஒரு கம்பியை அதோடு இணைத்தார்கள். அந்தத் தாளில் ஒவ்வொருவருக்கும் மடிக்கிற மாதிரி ஒரு குட்டி நாக்கு வெட்டி விட்டிருந்தாள் சயோ. நடுவில் பென்சிலால் ஒரு தடித்த கறுப்பு வட்டம். அதன்மேல் விளக்கின் கால். இன்னொரு கால் அட்டையின் பின்பக்கமாகப் பேட்டரிக்குப் போனது.

எல்லோரும் அவரவர் கோட்டைப் போட்டு, பக்கத்தில் எழுத வேண்டியதை எழுதினார்கள். யாருக்கும் கை சுத்தமாக இல்லை. சிகா திரைகளை மூடினாள்.

"பேர் வரிசைப்படி" என்றாள். "நாக்க மடிச்சு உங்க கோட்டு மேல ஒட்டுங்க."

சயோ முதலில் ஒட்டினாள்.

விளக்குக்குள் ஏதோ ஒரு பொட்டு இருப்பதுபோலத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றது ஒரு குரல்.

இரண்டாவது நாக்கு மடிந்தது. அந்தப் பொட்டு கொஞ்சம் விழித்துக்கொண்டது. மூன்றாவது. நாலாவது. ஒவ்வொருவர் ஒட்டும்போதும் வெளிச்சம் ஒரு படி ஏறியது. முதலில் விளக்கு மட்டும் தெரிந்தது. பிறகு அதைச் சுற்றியிருந்த எழுத்துகள் தெரிந்தன. பிறகு குனிந்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளியே வந்தன. தன் கோட்டு வழியாகவும் இப்போது மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் நினைத்துப் பார்த்தார்கள். நினைக்க நினைக்க ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாக ரியோஹெய் வந்தான். "இவ்ளோ பேர் இருக்கீங்க. என் ஒரு கோட்டால என்ன தெரியப் போகுது?" என்று முணுமுணுத்துக்கொண்டே நாக்கை ஒட்டினான்.

விளக்கு குபீரென்று ஏறியது. சிகா "ஐயோ" என்று பின்னால் சாய்ந்தாள்.

"என்னடா பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணல!"

சயோ குனிந்து பார்த்தாள். மற்றவர்களின் கோடுகளெல்லாம் நூல் நூலாக இருந்தன. ரியோஹெய் கோடு மட்டும் விரல் அகலத்துக்கு, கன்னங்கரேலென்று மின்னியது.

"என் முறை வர்ற வரைக்கும் சும்மாதான நின்னேன்" என்றான் அவன். "அதான் போட்ட கோட்டு மேலயே போட்டுக்கிட்டிருந்தேன். பென்சில்கூடத் தீர்ந்துடுச்சு."

"அகலமான கோடு, கரண்டுக்கு அகலமான வழி" என்றாள் சயோ. "தடை கம்மி. கடைசி ஆளா நின்னதுல லாபம் வந்துடுச்சு பாரு!"

மறுநாள் கடைசிப் பாடவேளையில் அறிவியல் அறையில் விருந்து. பாட்டு முடிந்தது, பழரசமும் முடிந்தது. சிகா திரைகளை மூடினாள். இருட்டில் சயோ அட்டையை இபுகியின் மடியில் வைத்து, பேட்டரியை இணைத்தாள்.

இபுகி அட்டைமேல் குனிந்தாள். பக்கத்தில் கை நீட்டி, சயோவின் சட்டைக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"இது எல்லாருமா?" என்று கேட்டாள்.

"எல்லாரும். ஒரு ஆளத் தவிர." சயோ அட்டையின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே மடிக்காத ஒரு நாக்கும், கோடு இல்லாத கொஞ்சம் இடமும் இருந்தன. "அது உனக்கு. நீயும் நாலாம் வகுப்புதான?"

இபுகி பென்சிலை வாங்கிக்கொண்டாள். ஓரத்திலிருந்து கோட்டை ஆரம்பித்தாள். பாதி தூரம் போனாள். நின்றாள். பக்கத்தில் இருந்த தடித்த கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். அதன் அருகே எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, எதிரே நின்றவனை நேராகப் பார்த்து, பென்சிலை நீட்டினாள்.

"இந்தா!"

ரிலேயில் கோலைக் கொடுக்கும்போது கத்துவதுபோலவே கத்தினாள்.

ரியோஹெய் திடுக்கிட்டுக் கையை நீட்டினான். இபுகி உடனே விட்டுவிடவில்லை.

"பிடிச்சுட்டியா?"

"பிடிச்சுட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா. விடு."

அவள் விட்டாள். பென்சில் கீழே விழவில்லை. ரியோஹெய் மிச்சப் பாதிக் கோட்டை நடுவட்டம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தான். கோடு கொஞ்சம் வளைந்து வளைந்து போயிருந்தது. இபுகி நாக்கை மடித்து ஒட்டினாள். வெளிச்சம் இன்னும் ஒரு துளி ஏறியது. துளிதான். ஆனால் அறையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

ஒரு சத்தமும் இல்லை.

"என்ன இது?" என்றார் இவாஸே டீச்சர். "இருட்டா இருக்கு, யாரும் கத்தலையா?"

நாலாம் வகுப்புக்கு அப்போதுதான் சட்டம் ஞாபகம் வந்தது. கூரை பறக்கிற மாதிரி ஒரு கூச்சல் கிளம்பியது. பக்கத்து அறையிலிருந்து தலைமை ஆசிரியர் கோபமாக வந்து கதவைத் திறந்தார். உள்ளே, இருட்டின் நடுவில் அந்த விளக்கைப் பார்த்தார்.

அவரும் உள்ளே வந்து, வெளிச்சம் புகாதபடி கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.