கடைசியாகப் பயன்படுத்திய கட்டளை

கஸ்பார் எழுதாத கட்டளை ஒன்று கணினித் திரையில் திறந்த பெட்டியின் முதல் வரியில் நின்றது. ‘ஆளை இறக்கு.’

மதியச் சோற்றுக்கு முந்திய நேரம். கச்சான் காற்று தெருப்புழுதியையெல்லாம் வாரிவந்து மாடி ஜன்னல் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. கீழே அடுப்படியில் தங்கச்சி ஜாஸ்லின் சீலா மீன் பொரிக்கிற எண்ணெய் வாசமும், துறைமுகப் பக்கமிருந்து வந்த உப்பு நெடியும், பழைய யுபிஎஸ் பெட்டியின் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் வெளியேற வழியில்லாமல் அறைக்குள் கலந்து கிடந்தன. மேசைக்கு எதிர்ப்பக்கம் ஜாஸ்லினின் புருஷன் இனிகோ, காதில் ஹெட்போனோடு எதையோ தட்டிக்கொண்டிருந்தான். கஸ்பார் கண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தான். அந்த வரி போகவில்லை.

அவன் செய்துகொண்டிருந்தது ஒரு பிளகின், பெரிய மென்பொருளோடு ஒட்டவைக்கிற துணை நிரல். சொந்தக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாக எழுதி ஒன்றோடொன்று இணைத்து வைத்துக்கொள்கிற விக்கி மென்பொருளுக்கானது. அதில் மவுஸைத் தொடாமலே எல்லா வேலையையும் விசைப்பலகையால் முடிக்கலாம். கன்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் திரை நடுவில் ஒரு பெட்டி திறக்கும். இரண்டு எழுத்து அடித்தால் ‘புதுப் பக்கம் திற’, ‘பெயர் மாற்று’ என்று கட்டளைகள் வரிசைகட்டும். என்டர் தட்டினால் முடிந்தது. கஸ்பாரின் விரல்களுக்கு இதெல்லாம் கண்ணின் தயவில்லாமலே வரும். திரையைப் பார்த்துப் பார்த்து என்டர் தட்டுகிறவர்களைக் கண்டால் அவனுக்கு இளக்காரம்.

இரண்டு வருஷமாக அதையே கட்டிக்கொண்டு அழுதான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த இனிகோவோ, “மச்சான், நானும் ஒண்ணு செஞ்சு பாக்கட்டா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டு, ஒரே மழைக்காலத்தில் தானும் ஒன்றைச் செய்துமுடித்தான். ஊர் உலகமெல்லாம் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. போதாக்குறைக்கு, விக்கியை நடத்துகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத் தங்கள் மென்பொருளோடு சேர்த்தே கொடுக்கப்போகிறார்கள். அப்புறம் மற்றதை எவன் சீண்டுவான்? முடிவு இன்றைக்கு வரும்.

வயிற்றெரிச்சல் என்று சொன்னால் கஸ்பார் அடிக்க வந்துவிடுவான். ஆனால் இனிகோ சோறு பிசைகிற சத்தம்கூட அவனுக்கு ஆகாமல் போயிருந்தது. மூச்சு விடுகிற சத்தம் அதைவிட. இனிகோ கடலடியில் மூழ்கிச் சங்கு குளிக்கிற வீட்டுப் பிள்ளை. நெஞ்சு கொள்ள இழுப்பான், பிறகு ஊரைச் சுற்றி வருகிறவன்போல ஆற அமர விடுவான். அந்த மூச்சு மேசையைத் தாண்டி வந்து கஸ்பாரின் காதுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நேரம் நின்றுதொலையாதா என்று அவன் பல நாள் நினைத்திருக்கிறான்.

ஜனங்கள் இனிகோவின் பிளகினில் சொக்கிப்போனது ஒரு வசதிக்காக. கடைசியாகப் பயன்படுத்திய கட்டளை தானாகவே முதல் வரிக்கு வந்துவிடும். பெட்டியைத் திறந்து வெறுமனே என்டர் தட்டினால் அதே வேலை மறுபடி நடக்கும். இன்று காலை இனிகோ குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அவன் கணினியிலிருந்து அந்தத் துண்டு நிரலை எடுத்துத் தன்னுடையதில் ஒட்டி, அடையாளம் தெரியாதபடி பெயர்களையும் மாற்றிவிட்டான் கஸ்பார். கேட்டிருந்தால் இனிகோ சந்தோஷமாகக் கொடுத்திருப்பான். கஸ்பாருக்கு அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆக, இந்த வரி இனிகோவின் சேட்டையாகத்தான் இருக்கவேண்டும். கஸ்பார் நிரல் முழுவதையும் தேடினான். ‘ஆளை இறக்கு’ என்று எங்கேயும் இல்லை. தட்டித்தான் பார்ப்போமே என்று என்டர் தட்டினான்.

திரையில் ஒன்றும் நடக்கவில்லை. எதிரில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

ஏதோ குறைகிறது என்று கஸ்பாருக்குத் தோன்றியது. மின்விசிறி சுற்றியது, கீழே எண்ணெய் சடசடத்தது, ஜன்னலைக் காற்று பிறாண்டியது. இனிகோவின் மூச்சுதான் இல்லை. எட்டிப் பார்த்தான். இனிகோ வாயை இறுக மூடி, கன்னம் உப்ப, திரையையே வெறித்தபடி அசையாமல் இருந்தான். கஸ்பார் அவசரமாக எஸ்கேப்பை அழுத்தினான். பெட்டி மூடியது. இனிகோ ஹாவென்று காற்றை இழுத்து ஹெட்போனைக் கழற்றினான்.

“என்ன மச்சான், ஒரு மாதிரி பாக்கீரு?”

“நீ எதுக்குலே மூச்சப் பிடிச்சிட்டு இருந்த?”

“நானா?” இனிகோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். “என்னமோ, கடலுக்கு அடியில நிக்க மாதிரி இருந்திச்சு. ஒரே கும்மிருட்டு. மேல வள்ளத்துல நீரு கயித்தப் பிடிச்சிட்டு இருந்தீரு. அதனால பயம் இல்ல.”

இந்தக் கரையில் சங்கு குளிக்கிறவனைக் கடலில் இறக்கி, மேலே இருந்து கயிற்றைப் பிடிப்பவன் அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான். கூடப்பிறந்த அண்ணன் தம்பிகூடச் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டுவிடலாம். தங்கச்சி தாலியறுக்க எந்த மச்சானும் சம்மதிக்கமாட்டான். கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் அந்த நொடியே தூக்கவேண்டும். இனிகோவின் அப்பாவுக்குக் கயிறு பிடித்தவரும் அவருடைய மச்சான்தான்.

கஸ்பார் திரைப்பக்கம் திரும்பினான். காலையில் ஒட்டிய துண்டை மொத்தமாக அழித்துவிடலாம் என்று அதைத் தேடிப்போனான். அப்போது இரண்டு கணினியிலும் ஒரே சமயத்தில் மணி அடித்தது. மின்னஞ்சல்.

இனிகோதான் முதலில் படித்தான். அவன் முகம் மலர்ந்து, கஸ்பாரைப் பார்த்ததும் சுருங்கியது. அந்தச் சுருக்கம்தான் கஸ்பாரைக் குத்தியது.

“என்னுதத்தான் எடுத்திருக்காங்க மச்சான்.”

“நல்லது.”

“உம்ம பேரையும் சேத்துப் போடச் சொல்லி எழுதப்போறேன். அப்புறம்...” இனிகோ குரலைத் தாழ்த்தினான். “காலைல நீரு என் சிஸ்டத்துல எடுத்தீருல்லா, அதப் பாத்தேன். ஒண்ணும் நெனைக்காதீரும். நம்ம வீட்டுக்குள்ளதான? ஜாஸ்லின்ட்டகூடச் சொல்லல.”

திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். போனால் போகிறது என்று விட்டுவிட்டு, அந்தப் பெருந்தன்மையோடு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நெஞ்சு கொள்ள மூச்சை இழுத்தான் பாருங்கள். கஸ்பாரின் கை விசைப்பலகைக்குப் போனது.

விரல்கள் அவனைக் கேட்கவில்லை. கன்ட்ரோல். ஸ்பேஸ். என்டர். கடைசியாகப் பயன்படுத்திய கட்டளை முதல் வரியில் தயாராக இருந்தது.

மூச்சு நின்றது.

எவ்வளவு அமைதி! கஸ்பார் நாற்காலியில் சாய்ந்தான். இரண்டு வருஷமாக அவனுக்கு இப்படி ஒரு நிம்மதி வாய்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், இவனும் கொஞ்சம் திணறட்டும் என்று அதை அனுபவித்தான். மீன் வாசம்கூட அப்போது நன்றாக இருந்தது.

பிறகு எஸ்கேப்பை அழுத்தினான்.

பெட்டி மூடியது. மூச்சு வரவில்லை.

“இனிகோ?”

மறுபடி எஸ்கேப். மறுபடி. பெட்டியைத் திறந்து ‘தூக்கு’ என்று அடித்தான். ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று வந்தது. ‘மேலே’ என்று அடித்தான். அப்படி ஒரு கட்டளை இல்லை. ‘விடு’ என்று அடித்தான். இல்லை. அந்த மறுப்பு வாசகத்தை நிரலில் எழுதியவனே கஸ்பார்தான்.

கணினியை அறைந்து மூடினான். மின்கம்பியைப் பிடுங்கினான். மேசையைச் சுற்றி ஓடி இனிகோவின் தோளைப் பிடித்து உலுக்கினான். தோள் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. ஆளை அசைக்க முடியவில்லை. இடுப்பில் கல்லைக் கட்டியது போல் நாற்காலியோடு அழுந்திக்கிடந்தான். கன்னத்தில் அறைந்தான். வாயைப் பிளக்கப் பார்த்தான். உதடுகள் பிரியவில்லை.

இனிகோவின் தலைமுடி மெல்ல எழும்பியது. அலைந்தது. மின்விசிறிக் காற்றுக்கு எதிர்த்திசையில்.

“ஏலே, வேண்டாம்லே. நான் தெரியாம... ஏலே!”

இனிகோவின் வலதுகை உயர்ந்தது. தலைக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், எதையோ பற்றியது. சுண்டியது.

கஸ்பாரின் உள்ளங்கைக்குள் சுரீரென்றது. நனைந்த கயிறு உரசிக்கொண்டு ஓடுகிற எரிச்சல். விரல்களை இறுக்கினான். பிடிக்க ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் காற்றை வாரி வாரி இழுத்தான். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

மாடிப்படியில் காலடி. “அண்ணே, சோறு ஆறுது பாத்துக்கிடுங்க. அவுகளயும் கூட்டிட்டு வாங்க.”

கஸ்பார் காற்றை இழுப்பதை நிறுத்தவில்லை.

இனிகோவின் கண்கள் விரியத் திறந்து நேராக மேலே, கஸ்பாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் கோபம் இல்லை. பயம்கூட இல்லை. மச்சான் இருக்கிறான், இதோ தூக்கிவிடுவான் என்று அவை பொறுமையாகக் காத்திருந்தன. கை மட்டும் இன்னொரு முறை சுண்டியது. முன்னைவிட மெதுவாக.